குடிசைப் பகுதிக்கு ஊழியம் செய்யப் போகும் முன்

கேள்வி இதுதான்: திருச்சபை ஒன்றைச் சேர்ந்த பன்னிரண்டு இளைஞர்கள், வெளிநாட்டு நகரம் ஒன்றின் குடிசைப் பகுதிக்கு இரண்டு வாரம் சென்று, அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊழியம் செய்ய ஆயத்தமாகிறார்கள். இதனால் அந்த மக்களுக்கு உண்மையில் நன்மை விளையுமா, அல்லது போய்வருகிறவர்களுக்குச் சபையில் எழுந்து சொல்ல நல்ல சாட்சி ஒன்று கிடைப்பதோடு முடிந்துவிடுமா? நன்மை விளையுமென்றால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

நன்மை விளையலாம். ஆனால் அது போகிறவர்களின் தொகையையோ ஆர்வத்தையோ பொறுத்ததன்று. அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரும், அவர்கள் விமானம் ஏறிய பிறகும் அதே வேலையைத் தொடரப்போகிறவருமான உள்ளூர் ஆசிரியர், போதகர், செவிலியர் ஆகியோருக்குக் கீழே இவர்கள் எவ்வளவு அடங்கி நிற்க ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில், போகும் இடத்தைப் பற்றிய எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நிலைத்த வீடு, நெருக்கடியில்லாத இடம், பாதுகாப்பான தண்ணீர், கழிப்பறை வசதி, வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமில்லாத குடியிருப்பு உரிமை ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்று இல்லாத நகர்ப்புறக் குடும்பத்தையே ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு குடிசைப் பகுதிக் கணக்கில் சேர்க்கிறது; அப்படிப் பார்த்தால் உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் இவ்வாறு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலையற்றவர்களும் அல்லர், ஆதரவற்றவர்களும் அல்லர். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் விடியுமுன் கிளம்பிப் போகிறவர்கள். கென்யத் தலைநகர் நைரோபியிலுள்ள கிபேரா என்னும் குடிசைப் பகுதியைப் பத்து லட்சம் பேர் வாழும் இடமென்று வருகிறவர்களிடம் சொல்வது நெடுநாள் வழக்கம். 2009-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு எண்ணியதோ சுமார் 1,70,000 பேரைத்தான். அந்தக் கணக்கெடுப்பு குறைத்துக் காட்டியது என்போரும் உண்டு. ஆயினும் பெரிய எண்கள் காணிக்கை திரட்ட உதவுகின்றன என்பதையும், அதனாலேயே அவை நீடிக்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு செய்தி, வந்துபோகிறவர்களில் பலர் அறியாதது. நைரோபியின் இத்தகைய குடியிருப்புகளில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். தகரச் சுவரும் மண் தரையும் கொண்ட ஒற்றை அறைக்கு மாதந்தோறும் வாடகை கொடுக்கிறார்கள், குழாய் இணைப்புள்ள வசதியான வீட்டுக்காரர் கொடுப்பதைவிட அதிக விலை கொடுத்துத் தண்ணீரைக் கேன் கணக்கில் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து வீட்டுக்கு வண்ணம் பூசி, கூரையை மாற்றிக் கொடுத்தால், அந்தச் செலவு அங்கே குடியிருப்பவருக்குப் போய்ச் சேருமா, வேறெங்கோ வசிக்கும் உரிமையாளருக்குப் போய்ச் சேருமா? வீடு மேம்பட்டபின் வாடகை உயர்ந்தால் அந்தக் குடும்பம் இன்னும் மோசமான அறைக்கு நகர வேண்டிவரும். யாருடைய சுவர் என்று கேட்காமல் தூரிகையை எடுக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அங்கேதான் போக விரும்புகிறார்கள். கென்யா 2003 ஜனவரியில் தொடக்கக் கல்வியைக் கட்டணமில்லாததாக ஆக்கியது. ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அப்படியிருந்தும் குடிசைப் பகுதிகளில் அரசுப் பள்ளிகள் போதாமையால், அங்குள்ள பிள்ளைகளில் பெரும் பங்கினர் தனியாரோ சபைகளோ நடத்தும் சிறு பள்ளிகளையே நாடுகிறார்கள். கட்டணம் இல்லாத பள்ளியிலும் சீருடை, தேர்வுக் கட்டணம், குறிப்பேடு, மதிய உணவு என்று செலவு இருந்துகொண்டே இருக்கும். தந்தைக்கு ஒரு வாரம் வேலை இல்லாமற்போனால் முதலில் நின்றுபோவது அந்தச் செலவுதான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவதும் அப்போதுதான் நடக்கிறது. ஆகவே ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வகுப்பறையில் கிடைப்பதில்லை. வீட்டில் கிடைக்கும், அதையும் அந்தத் தெருவை அறிந்தவர்தான் கேட்டறிய முடியும்.

தன்னார்வலர்கள் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுபோவதுண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியான பூசியாவில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு அரசு அங்கீகரித்த பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றை, பிற்பாடு நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பயன் இருந்தது. காரணம் எளியது: நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, பாதிப் பேரால் அவற்றை வாசிக்கவே இயலவில்லை. அந்த நாட்டுக்கென்றே எழுதப்பட்ட நூல்களின் கதியே இதுவென்றால், வேறொரு நாட்டுப் பிள்ளைகளுக்காக அச்சிட்டு அங்கே கழித்துக்கட்டப்பட்ட கதைப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமாக மும்பையிலும் வதோதராவிலும் நடந்ததைப் பார்க்கலாம். பிரதம் என்னும் அமைப்பு, அதே சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களை 'பால்சகி' என்ற பெயரில் நியமித்து, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுக்கச் செய்தது. பட்டமோ நீண்ட பயிற்சியோ இல்லாத அந்தப் பெண்கள் மிகக் குறைந்த ஊதியத்தில் செய்த வேலை, பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தெளிவாக உயர்த்தியது என்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களிடம் இருந்தவை மூன்று: பிள்ளையின் மொழி, பிள்ளையின் வீட்டு நிலவரம், நாளையும் வருவார்கள் என்ற உறுதி. இரண்டு வாரத்துக்கு வருகிறவரிடம் இந்த மூன்றும் இருக்க வழியில்லை. ஆகவே பன்னிரண்டு பேருக்கான விமானக் கட்டணத்தைக் கூட்டிப்பார்த்து, அந்தத் தொகையில் இத்தகைய உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேரை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று கணக்கிடும்படி எந்தக் குழுவிடமும் நான் முதலில் கேட்பேன். அந்தக் கணக்கைப் போட்ட பிறகும் போகலாம். ஆனால் போடாமல் போகக் கூடாது.

வெளியார் வகுப்பெடுக்கும்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழுவும் நிறங்களின் பெயரிலிருந்தும் விலங்குகளின் பெயரிலிருந்தும்தான் தொடங்கும். அடுத்த குழுவும் அதையே செய்யும். பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து முறை அதே பாட்டை ஆர்வத்தோடு பாடிக்காட்டுவார்கள், விருந்தாளியை ஏமாற்றக் கூடாது என்ற நாகரிகம் அவர்களிடம் உண்டு. ஆசிரியர் மூலையில் நிற்பார். அன்றைய பாடம் நின்றுபோயிருக்கும், தம் வகுப்பில் தமக்கிருந்த மதிப்பும் சற்றுக் குறைந்திருக்கும். அதே குழுவில் கணக்காளர் ஒருவர் இருந்து, தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வரவு செலவுப் பதிவேட்டைச் சீராக்கினால், அல்லது அனுபவமுள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவர், கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோதனை செய்துகாட்டும் முறையை அங்குள்ள ஆசிரியர்களோடு பகிர்ந்துகொண்டால், பாதிப்பு எதுவுமின்றிப் பயன் தங்கும். பல் மருத்துவர், மின்பணியாளர், தையல் தெரிந்தவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். கைத்தொழில் தெரியாத பதினெட்டு வயதினர் போகவே கூடாதா என்றால், போகலாம். ஆனால் உதவப் போகிறோம் என்று சொல்லாமல் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிப் போக வேண்டும், அதற்கேற்பக் காணிக்கையும் கேட்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சான்று. 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக ஆட்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். அங்கேயே வசித்துவந்த கிறிஸ்தவச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் இதை ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்புகள் சுமார் 2,000 டாலரில் கட்டி முடித்த வீட்டுக்கு, வந்துபோன குழுக்கள் பயணச் செலவையும் சேர்த்துச் சுமார் 30,000 டாலர் செலவிட்டிருந்தன. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில், கட்டியவர் உள்ளூரா வெளியூரா என்பதால் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. போய்வந்தவர்களிடம் வாழ்க்கையே மாறிவிட்டது என்ற சொல் இருந்ததே தவிர, அவர்களுடைய பிற்காலக் கொடையிலும் பழக்கத்திலும் நீடித்த மாற்றம் சிறிதளவே இருந்தது. இந்த முடிவைக் கேட்டுப் பலர் மனம் நொந்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்தத் தூண்டுதலைத் தாங்கிப்பிடிக்க யாரும் எதுவும் ஏற்பாடு செய்வதில்லை.

இதனோடு ஒப்பிட இன்னொரு சான்றும் இருக்கிறது. 1952-இல் கொரியப் போரின் அனாதைப் பிள்ளைகளுக்காக எவரெட் ஸ்வான்சன் தொடங்கிய கம்பாஷன் அமைப்பு, தூரத்திலிருக்கும் ஒருவர் மாதந்தோறும் பணம் அனுப்ப, பிள்ளையின் ஊரிலுள்ள சபையே படிப்பையும் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளும் முறையைக் கடைப்பிடிக்கிறது. புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் உடன் இருவரும் இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேரின் வாழ்க்கை விவரத்தைத் திரட்டி 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த உதவியைப் பெற்றவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டுகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். கல்வித் துறையில் இது சிறிய பலனன்று. பின்னர் ஜகார்த்தாவின் குடிசைப் பகுதியில் பிள்ளைகளிடம் வண்ணக் கோல்களைக் கொடுத்துத் தங்களையே வரையச் சொன்னபோது, உதவி பெற்ற பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையின் அடையாளங்கள் கூடுதலாகத் தெரிந்தன. இந்த இரண்டிலும் வெளிநாட்டார் யாரும் வந்து பிள்ளையின் கையைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அனாதை இல்லம் ஒன்றைப் பயணத் திட்டத்தில் சேர்த்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இத்தகைய இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின என்றும், அவற்றிலிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்றும் யுனிசெஃப் தெரிவித்தது. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அனுப்பியிருந்தார்கள். வருகிறவர்களின் காணிக்கை பெருகப் பெருக, காட்டுவதற்குப் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது இல்லங்களில் சேர்ப்பதற்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 பிள்ளைகளை வைத்து நடந்த நீண்டகால ஆய்வு, இல்லத்தில் வளர்வதைவிட வளர்ப்புக் குடும்பத்தில் வளர்வது அறிவுக்கும் மனத்துக்கும் எவ்வளவு நல்லது என்று நிறுவியிருக்கிறது. முன்பின் தெரியாத உங்கள் மடியில் ஒரு குழந்தை வந்ததும் ஏறி உட்கார்ந்தால், அதை அன்பின் நிறைவென்று எண்ணி மகிழ்ந்துவிட வேண்டாம். வந்தவரெல்லாம் போய்க்கொண்டே இருந்ததால் யாரையும் தனியே பற்றிக்கொள்ளத் தெரியாமற்போன குழந்தையாகவும் அது இருக்கலாம். குடும்பம் பிரியாமல் இருக்க வாடகையோ பள்ளிக் கட்டணமோ கொடுப்பது, பிரிந்த பிள்ளைக்குக் கட்டில் வாங்கிக் கொடுப்பதைவிட மலிவானதும் நல்லதுமாகும்.

இனி, கிறிஸ்தவர்கள் என்பதால் எழும் கேள்வி. பள்ளியில் உணவு கொடுக்கும் நேரத்தில் சுவிசேஷம் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் பேரிடர் உதவிக்காக ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள், உதவி தேவையின் அடிப்படையிலேயே வழங்கப்பட வேண்டும் என்றும், அதைக் கொண்டு எந்த அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டையும் வளர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்கள் பலவும் அதில் கையொப்பமிட்டிருக்கின்றன. நான் இதை விதிக்காக மட்டும் சொல்லவில்லை. பசியோடிருக்கும் பிள்ளையின் முன் தட்டை வைத்துக்கொண்டு கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் அந்தப் பிள்ளை ஆம் என்றே சொல்லும். அந்த ஆமாம் விசுவாசமாகாது. உணவும் மருந்தும் படிப்பும் எவ்வித எதிர்பார்ப்புமின்றி எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஆராதனைக்கு விரும்பி வருகிறவர்களுக்கு அங்குள்ள சபையின் கதவு திறந்திருக்கும், அதை நடத்த அங்குள்ள போதகர் இருக்கிறார். மேலும் சில நாடுகளில் மதமாற்றத்துக்கெதிரான சட்டங்கள் கடுமையானவை. நீங்கள் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவீர்கள், வழக்கைச் சந்திப்பவர் அந்தப் போதகராகத்தான் இருப்பார். சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்வதையே தடைசெய்யும் நாடுகளும் உண்டு என்பதால் அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நீண்டு நிலைத்த பணிகளைப் பார்த்தால், அவற்றைத் தொடங்கியவர்கள் அவசரப்படவில்லை என்பது தெரியும். கொத்தனாரின் மகனான அர்ஜென்டினப் பாதிரியார் பெத்ரோ ஒபேகா, மடகாஸ்கரின் தென்கிழக்கில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து மலகாசி மொழியையும் மக்களையும் அறிந்த பிறகே, 1989-இல் தலைநகர் அந்தனனரிவோவின் குப்பைமேட்டில் வாழ்ந்த குடும்பங்களோடு அக்கமசோவா என்னும் குடியிருப்பைத் தொடங்கினார். அந்தப் பெயருக்கு நல்ல நண்பர்கள் என்று பொருள். அங்கே எதுவும் இனாமாகக் கொடுக்கப்படவில்லை: மக்களே கருங்கல் உடைத்தார்கள், கூலி பெற்றார்கள், தங்கள் வீடுகளைத் தாங்களே எழுப்பினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை ஒப்பந்தமாகவே ஏற்றார்கள். ஜாக்கி புல்லிங்கர் 1966-இல் ஹாங்காங்கில் கவுலூன் மதில் நகரம் என்னும் நெரிசலான ஏழைக் குடியிருப்புக்குள் ஒரு தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப் போனவர். அந்த இடமே இடித்துத் தள்ளப்பட்ட பிறகும் அவர் அந்த மக்களை விட்டுப் போகவில்லை. அன்னை தெரசா கூட 1948-இல் கல்கத்தாவின் மோத்திஜீல் குடிசைப் பகுதியில் மண்ணில் குச்சியால் எழுதிப் பாடம் தொடங்குவதற்கு முன், பாட்னாவுக்குப் போய்ச் சில மாதங்கள் மருத்துவப் பணிவிடை கற்றுக்கொண்டார். அதற்குள் அவர் வங்கத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கழித்திருந்தார்.

இவர்களில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் ஜோசப் ரெசின்ஸ்கி. வறுமையில் பிறந்து வளர்ந்த பாதிரியாரான அவர், பாரிஸுக்கு அருகில் நுவாசி-லெ-கிராந்தின் வீடற்றோர் முகாமில் இருந்த குடும்பங்களிடம் வந்தபோது, அங்கே நடந்துகொண்டிருந்த கஞ்சி விநியோகத்தையும் பழந்துணி விநியோகத்தையும் ஊக்குவிக்காமல் நூலகமும் சிறுவர் பள்ளியும் அமைத்தார். அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து 1957-இல் அவர் தோற்றுவித்த இயக்கம் இன்று எல்லா நம்பிக்கையினருக்கும் பொதுவானது. அதன் தன்னார்வலர்கள் பல நாடுகளில் தெருவோரத்தில் பாயை விரித்துப் புத்தகங்களைப் பரப்பி, வாரந்தோறும் அதே நாளில் அதே இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். செலவு சொற்பம், வாரம் தவறாமல் வருவதுதான் கடினம்.

ஆகவே உங்கள் குழுவுக்கு என் யோசனை இப்படி இருக்கும். பன்னிரண்டு பேரை அனுப்பாமல், முதல் ஆண்டு இருவரை அனுப்புங்கள். அவர்கள் அங்குள்ள சபையும் பள்ளியும் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு மட்டும் வரட்டும். அடுத்த ஆண்டும் அதே இருவர் போகட்டும், மூன்றாமவர் அவர்களோடு சேரட்டும். மிச்சமாகும் பயணச் செலவு, தொகையும் காலமும் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, அங்குள்ள ஆசிரியரின் ஊதியத்துக்கும் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கும் போகட்டும். ஒரே ஆண்டோடு நிறுத்திவிட வேண்டியிருக்கும் என்றால் அந்தப் பண உதவியைத் தொடங்கவே வேண்டாம். போகிற ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது, பெற்றோரின் ஒப்புதலின்றிப் படமெடுக்கக் கூடாது. சளி ஒழுகும் மூக்கோடும் கிழிந்த சட்டையோடும் நம் பிள்ளையின் படத்தை ஒருவர் தம் நாட்டு மேடையில் திரையிட்டால் நாம் என்ன நினைப்போம் என்பதே இங்கே போதுமான அளவுகோல்.

உங்களை வரவேற்கும் சபைக்கு எழுதும் முதல் கடிதத்தில், நாங்கள் இன்னின்னதைச் செய்ய விரும்புகிறோம் என்று பட்டியல் தராதீர்கள். பணத்தை எதிர்பார்த்திருக்கும் எந்தச் சபையும் அதற்கு மறுப்புச் சொல்லாது. அதற்குப் பதிலாக, சென்ற முறை வந்த குழுவால் உங்களுக்கு நேர்ந்த தொல்லை என்ன, நாங்கள் வராமல் இருந்தால் அந்த வாரங்களில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். பள்ளி நாட்காட்டியையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கென்யாவில் பள்ளி ஆண்டின் மூன்று பருவங்கள் வழக்கமாக ஜனவரியிலும், ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ, ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்கும்; ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் பெரும்பகுதியும், ஆண்டிறுதியிலும் பள்ளிகள் மூடியிருக்கும். தங்கள் நாட்டு விடுமுறைக்கு வசதியாக ஆகஸ்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் குழுவுக்காக, ஓய்விலிருக்க வேண்டிய பிள்ளைகளை யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய் அழைத்துவந்து வகுப்பில் உட்காரவைக்க வேண்டியிருக்கும்.